காஸாபிளாங்கா: பழைய டிவிடி கையில் இருக்கிறது, 4கே வாங்கலாமா, இல்லை புளூ-ரே போதுமா?

டூரிங் டாக்கீஸ் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் காஸாபிளாங்காவின் 2003 டிவிடி இருக்கிறது, ரெண்டு டிஸ்க் உள்ள செட், அமெரிக்காவில் இருந்த அத்தை மகன் ஊருக்கு வந்தபோது விட்டுவிட்டுப் போனது. பழைய பெட்டி டிவியில் எத்தனையோ தடவை பார்த்து ரசித்த படம். இப்போது 55 இன்ச் 4கே டிவி வாங்கிய பிறகு அதே டிஸ்கைப் போட்டால் முகங்களின் ஓரமெல்லாம் பிசிறடிக்கிறது, கதாநாயகன் ரிக்கின் மதுக்கடையில் பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் வெறும் சாம்பல் திட்டுகளாகத் தெரிகிறார்கள்.

சரி, புதுசாக ஒன்று வாங்கலாம் என்று தேடினால் தலை சுற்றுகிறது. 2008இல் ஒரு புளூ-ரே, 2012இல் 70ஆம் ஆண்டு என்று இன்னொரு புளூ-ரே, 2022இல் 4கே. ஒரே படம், 102 நிமிஷம், அதுவும் கருப்பு வெள்ளை, இதில் ஒவ்வொரு தடவையும் அப்படி என்னதான் புதுசாகச் செய்கிறார்கள்? இணையத்தில் ஒப்பிட்டுப் போட்டிருக்கும் படங்களைப் பார்த்தால் 2008 பளிச்சென்று இருக்கிறது, 2012 இருட்டாகவும் பொடிப்பொடியாகவும் இருக்கிறது. அப்படியென்றால் பழையதுதான் நல்லதா?

இன்னொரு சந்தேகம். நண்பர் ஒருவர் பழைய விஎச்எஸ் கேசட் வைத்திருக்கிறார், அதன் உறையில் எம்ஜிஎம் என்ற வேறு ஸ்டூடியோவின் பெயர் இருக்கிறது. இது வார்னர் பிரதர்ஸ் படம்தானே? திருட்டு கேசட்டா? அப்புறம், ஐரோப்பாவில் வந்த டிவிடி ஒன்று இங்கே பழைய டிஸ்க் விற்பவரிடம் சல்லிசாகக் கிடைக்கிறது, அதை எடுக்கலாமா?

வீட்டில் ஏற்கெனவே "அதே படத்துக்கு இன்னொரு டிஸ்கா" என்று ஒரு பார்வை கிடைத்துவிட்டது, அதனால் ஒரே ஒரு தடவைதான் வாங்க முடியும்.

டிஸ்க் மூட்டை:

2008 புளூ-ரேயை வாங்க வேண்டாம். மற்ற இரண்டில் எது என்பது உங்கள் பிளேயரையும் பட்ஜெட்டையும் பொறுத்தது.

காரணம் இதுதான். இந்தப் படத்தின் கேமரா நெகட்டிவ் இப்போது இல்லை. 1942இல் எடுத்தது, அந்தக் காலத்து நைட்ரேட் ஃபிலிம், அது தீப்பிடிக்கும், தீப்பிடிக்காவிட்டாலும் காலப்போக்கில் தானே அழியும். மிஞ்சியிருப்பதில் சிறந்தது அந்த நெகட்டிவிலிருந்து எடுத்த ஃபைன் கிரெய்ன் மாஸ்டர் என்ற நுண்துகள் பிரதி, அதுவும் நைட்ரேட்தான். 2012 பதிப்புக்கு இந்த நைட்ரேட் மாஸ்டரையே 4கே தரத்தில் ஸ்கேன் செய்தார்கள். 2022இல் மறுபடியும் புதிதாக ஸ்கேன் செய்து எச்டிஆரில் (வெளிச்ச வேறுபாட்டைக் கூடுதலாகக் காட்டும் முறை) கொடுத்தார்கள். 2008இல் வந்தது அப்படியில்லை, உங்கள் கையில் இருக்கும் 2003 டிவிடிக்காகச் செய்த சீரமைப்பின் தொடர்ச்சிதான் அது. புளூ-ரே என்று பெரிய பெட்டியில் போட்டு விற்றார்களே ஒழிய, உங்களிடம் இருக்கும் வேலையின் தெளிவான பிரதிதான்.

நடுவில் ஒரு கூத்தும் நடந்தது. 2006 நவம்பரில் இதை முதலில் புளூ-ரேக்குப் போட்டியாக இருந்த எச்டி டிவிடியாக வெளியிட்டார்கள். 2008 ஜனவரியில் அதே வார்னர் "இனி புளூ-ரே மட்டும்தான்" என்று அறிவித்தது, அடுத்த மாதமே எச்டி டிவிடியின் பின்னால் நின்ற தோஷிபா கையைத் தூக்கிவிட்டது, எச்டி டிவிடி கதை முடிந்தது. அந்த வருஷம் டிசம்பரில் அதே மாஸ்டர் புளூ-ரேயாக வந்து நின்றது. எச்டி டிவிடி வாங்கியவர்கள் பிளேயரோடு சேர்த்துப் பரணில் போட வேண்டியதாயிற்று. என் பரணிலும் ஒன்று இருக்கிறது.

பெரிய பெட்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை. 2008 பெட்டியில் பாஸ்போர்ட் உறையும் பெட்டியில் கட்டும் சீட்டும் கொடுத்தார்கள், 2012 பெட்டியில் டம்ளருக்கு அடியில் வைக்கும் கோஸ்டர். படத்தின் தரத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. தனி டிஸ்காகக் கிடைத்தால் அதையே எடுங்கள்.

சும்மா வந்தேன்:

நான் இதில் மாறுபடுகிறேன். ரெண்டையும் என் 43 இன்ச் டிவியில் போட்டுப் பார்த்தவன். 2008 கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது. 2012இல் இருட்டுக் காட்சிகளில் ஒன்றும் புரியவில்லை, சுவரெல்லாம் எறும்பு ஊர்கிறது. வல்லுநர்கள் "ஃபிலிம் மாதிரி இருக்கு" என்று புளகாங்கிதம் அடைவார்கள், எனக்கு நாயகி பெர்க்மன் முகம் சுத்தமாகத் தெரிந்தால் போதும். எல்லாரும் கிரெய்ன் எனும் ஃபிலிம் துகளின் ரசிகர்களாக இருக்க வேண்டும் என்று சட்டமா?

நைட்ரேட் நாகு:

சட்டமில்லை சார். ஆனால் எறும்பு என்று நீங்கள் சொல்வதுதான் படமே. ஃபிலிமில் பிம்பத்தை உண்டாக்குவதே அந்தத் துகள்கள், அதைத் துடைத்தால் கூடவே துணியின் நெசவு, தோலின் துளை, சிகரெட் புகையின் மெல்லிய இழை எல்லாம் போய்விடும். ரிக்காக நடித்த போகார்ட் வெள்ளைக் கோட்டுடன் சதுரங்கப் பலகை முன்னால் உட்கார்ந்திருக்கும் அறிமுகக் காட்சியை ரெண்டிலும் மாற்றி மாற்றிப் போடுங்கள். வெளிச்சத்தைத் தூக்கி வைத்த பதிப்பில் அந்தக் கோட்டு ஒரே வெள்ளையாக அடித்துக்கொண்டு போகும், அடக்கி வைத்ததில் மடிப்பும் தையலும் தெரியும். பிறகு இரவில் கடை மூடியபின் அவர் தனியாகக் குடித்துக்கொண்டிருக்கும் இடம், வெளியிலிருந்து விமான நிலையத்துச் சுழல்விளக்கின் ஒளி சுவரில் வந்து வந்து போகும். அங்கே அறை இருட்டாக இருக்க வேண்டும். ஒளிப்பதிவாளர் ஆர்தர் எடிசன் அப்படித்தான் எடுத்தார். அதைப் பளிச்சென்று ஆக்கினால் அந்த ஒளி வந்து போவதற்கு அர்த்தமே இல்லை.

டூரிங் டாக்கீஸ், ஒரு எச்சரிக்கை. எந்தப் பதிப்பு வாங்கினாலும் பெர்க்மனின் க்ளோசப் எல்லாம் கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும். டிஸ்க் சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். லென்ஸ் முன்னால் மெல்லிய வலைத்துணி போட்டு, கண்ணில் விளக்கு மினுங்கும்படி வைத்து, பெரும்பாலும் இடது பக்க முகத்தைக் காட்டி எடுத்தவை அவை. அடுத்த ஷாட்டில் போகார்டுக்குத் திரும்பினால் முகத்தின் சுருக்கம் வரை கூர்மையாக இருக்கும், மறுபடி பெர்க்மனுக்குப் போனால் மெழுகு பூசியது மாதிரி. டிவிடியில் ரெண்டும் ஒன்றாகவே மங்கியிருந்ததால் இந்த வித்தியாசம் கண்ணில் படவில்லை, நல்ல புளூ-ரேயில் முதல் தடவை பார்க்கும்போது சிலர் பதறிப்போகிறார்கள்.

அதே மாதிரி தொடக்கத்தில் உலக உருண்டை சுற்றி, அகதிகள் போகும் வழியை வரைபடத்தில் காட்டும் பகுதி. அது டான் சீகல் தொகுத்த மாண்டேஜ், பல ஃபிலிம்களை ஒன்றன் மேல் ஒன்றாக ஏற்றிப் பிரதி எடுத்தது, அங்கே கிரெய்ன் தடித்தே இருக்கும். ஒப்பிடும் படங்களை அந்த இடத்திலிருந்து எடுத்துப் போட்டு "4கே வேஸ்ட்" என்று எழுதுபவர்களை நம்பாதீர்கள்.

கடைசியில் விமான நிலையக் காட்சிக்கும் இது பொருந்தும். அங்கே நிற்கும் விமானம் நிஜ அளவு இல்லை, சின்னதாகச் செய்த மாதிரி, பக்கத்தில் நின்று வேலை பார்ப்பவர்களாகக் குள்ளமானவர்களை நிறுத்தியிருக்கிறார்கள், பனிமூட்டத்தைப் போட்டு அதை மறைத்திருக்கிறார்கள். படத்தை வெளுப்பாக்கினால் பனிமூட்டம் மெலிந்து செட்டு செட்டாகவே தெரியும். இருட்டும் கிரெய்னும் அவர்கள் போட்ட கணக்கில் அடக்கம்.

சும்மா வந்தேன்:

சரி சரி, விமானம் விஷயம் எனக்குத் தெரியாது. கோட்டைப் போட்டுப் பார்க்கிறேன். 43 இன்ச்சில் எனக்கு 2008 போதும் என்பதில் மட்டும் மாற்றமில்லை :)

கேசட் காலத்து ஆள்:

தம்பி, நண்பரின் கேசட் திருட்டுக் கேசட் இல்லை. பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள்.

வார்னர் 1956இல் தன் பழைய படங்களை, 1950க்கு முந்தியவற்றை, மொத்தமாக விற்றுவிட்டது. டிவிக்குப் படம் விற்கும் ஒரு நிறுவனம் வாங்கியது, ஏஏபி என்பார்கள். ரெண்டு வருஷத்தில் அதை யுனைடெட் ஆர்டிஸ்ட்ஸ் வாங்கியது. 1981இல் யுனைடெட் ஆர்டிஸ்ட்ஸை எம்ஜிஎம் வாங்கியது. 1986இல் டிவி முதலாளி டெட் டர்னர் எம்ஜிஎம்மை வாங்கி, கடன் தாங்காமல் ஸ்டூடியோவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, படங்களை மட்டும் கையில் வைத்துக்கொண்டார். கெட்டிக்காரர். பத்து வருஷம் கழித்து 1996இல் டர்னர் நிறுவனமே டைம் வார்னரோடு சேர்ந்ததும் படம் சுற்றிச் சுற்றிப் பிறந்த வீட்டுக்கே வந்தது. அப்போதும் வீடியோ விற்கும் உரிமை கொஞ்ச காலம் எம்ஜிஎம்மிடம்தான் இருந்தது, 1990களின் கடைசியில் வந்த முதல் டிவிடியில்கூட அவர்கள் பெயர்தான். 2000க்குப் பிறகு வந்தவற்றில்தான் வார்னர் முத்திரை. ஆக உறையைப் பார்த்தே எந்தக் காலத்துச் சரக்கு என்று சொல்லிவிடலாம்.

டர்னர் கையில் இருந்தபோதுதான் அந்தக் கலர் அடித்த கதையும். 1988இல் காஸாபிளாங்காவுக்குக் கம்ப்யூட்டரில் வண்ணம் பூசித் தன் டிவியில் ஒளிபரப்பினார், கொஞ்ச நாள் கேசட்டாகவும் விற்றார்கள். பழைய படங்களுக்கு இப்படிக் கலர் அடிப்பதை எதிர்த்து அமெரிக்காவில் அதற்கு முன்பிருந்தே பெரிய ரகளை, இயக்குநர்கள் எல்லாம் நாடாளுமன்றம் வரை போனார்கள். அந்தச் சூட்டில்தான் 1988இல் தேசியத் திரைப்படப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மறு வருஷம் பாதுகாக்க வேண்டிய படங்கள் என்று முதல் 25 படங்களைத் தேர்ந்தெடுத்தார்கள், அதில் காஸாபிளாங்காவும் ஒன்று. கலர் கேசட் எங்கேயாவது கிடைத்தால் வேடிக்கைக்கு வாங்கி வைக்கலாம், பார்க்க முடியாது. எல்லார் முகத்திலும் ஒரே பவுடர்.

என்னைக் கேட்டால் இந்தப் படத்துக்கு வீட்டுப் பதிப்பில் முதல் மரியாதை செய்தது டிவிடிக்கு முந்தைய பெரிய தட்டான லேசர் டிஸ்க்தான். கிரைடீரியன் என்ற நிறுவனம் போட்டது, படம் ஓட ஓட திரைப்பட வரலாற்றாளர் ரொனால்ட் ஹேவர் பேசும் கமெண்டரியோடு. கமெண்டரி என்ற பழக்கமே லேசர் டிஸ்கில் ஆரம்பித்ததுதான், டிவிடிக்காரர்கள் அங்கிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

அரைக் கட்டை:

ஐரோப்பிய டிவிடி பற்றி யாரும் பதில் சொல்லவில்லை, அதனால் நான். சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

ஃபிலிம் ஒரு நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும். ஐரோப்பாவின் டிவி முறையான பால் (PAL) முறை டிவிடி 25 ஃபிரேம். படத்தை அதற்குள் அடக்க அப்படியே 4 சதவீதம் வேகமாக ஓட்டிவிடுவார்கள். 102 நிமிஷப் படம் 98 நிமிஷத்தில் முடிந்துவிடும். வெட்டிவிட்டார்கள் என்று பலர் சண்டைக்குப் போவார்கள், ஒரு ஃபிரேமும் வெட்டியிருக்காது. கண்ணுக்கு இது தெரியாது. காதுக்குத் தெரியும். சுருதி ஏறும், நம் கணக்கில் அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவாக. சில டிஸ்கில் சுருதியைச் சரிசெய்திருப்பார்கள், பழையதில் அதை எதிர்பார்க்க முடியாது. போகார்டின் அந்தக் கட்டைக்குரல் லேசாக இளைத்து ஒலிக்கும். சாம் பியானோவில் உட்கார்ந்து பாடும் பாட்டு முழுக்கத் தப்பான சுருதியில் போகும். இசையமைப்பாளர் மேக்ஸ் ஸ்டெய்னர் அந்த ஒரே மெட்டைப் படம் நெடுகப் பின்னணியில் வெவ்வேறு விதமாகக் கொண்டுவந்து இழைத்திருக்கிறார், வேறு படமாக இருந்தால் பரவாயில்லை என்பேன், இந்தப் படத்தில் கூடாது.

புளூ-ரேயும் 4கேயும் 24 ஃபிரேமிலேயே ஓடுவதால் இந்தத் தொல்லை இல்லை. உங்கள் 2003 டிவிடி அமெரிக்கச் சரக்கு, அந்த ஊர் டிவி முறையான என்டிஎஸ்சி, அதிலும் சுருதி சரியாகவே இருக்கும். டிஸ்க் எந்த நாட்டில் ஓடும் என்று பூட்டும் எண்தான் ரீஜன்; அது ரீஜன் 1, நம் ஊர் ரீஜன் 5, எப்படியோ ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள், பிளேயர் பூட்டுத் திறந்ததாக இருக்கும்.

ஒலி மோனோதான், ஒரே தடம், எதிலும் சரவுண்ட் தேடாதீர்கள். மோனோதான் சரியும்கூட. ஜெர்மன்காரர்கள் பாடிக்கொண்டிருக்கும்போது கடையில் எல்லாரும் எழுந்து பிரெஞ்சு தேசிய கீதத்தைப் பாடி அமுக்கும் காட்சியில் 2008 டிஸ்கில் சத்தம் ஏறும்போது கொஞ்சம் கரகரக்கும், அதில் சுருக்கப்பட்ட டால்பி டிஜிட்டல் மட்டும்தான். 2012இல் இழப்பில்லாத டிடிஎஸ்-எச்டி கொடுத்தார்கள், ரெண்டு பாட்டும் மோதுவது பிரித்துக் கேட்கும். படத்தை விட இந்த ஒரு காரணத்துக்காகவே நான் 2008ஐ விற்றுவிட்டேன்.

டூரிங் டாக்கீஸ்:

எல்லோருக்கும் நன்றி. கேசட் விஷயத்தை நண்பரிடம் சொன்னேன், மனுஷனுக்கு ஒரே பெருமை. ஐரோப்பிய டிவிடி வேண்டாம் என்று முடிவு.

இன்னும் ரெண்டு. என்னிடம் பிஎஸ்4 புரோ விளையாட்டுக் கருவி இருக்கிறது, பெட்டியிலேயே 4கே என்று போட்டிருக்கிறான், அதில் 4கே டிஸ்க் ஓடுமா? அப்புறம் கமெண்டரி, ஆவணப்படம் எல்லாம் எதில் அதிகம்? என் டிவிடியில் விமர்சகர் ரோஜர் ஈபர்ட் பேசும் கமெண்டரி இருக்கிறது, அதை இழக்க மனசில்லை.

டிஸ்க் மூட்டை:

ஓடாது. பிஎஸ்4 புரோ 4கேயில் விளையாட்டு காட்டும், 4கே டிஸ்க் படிக்காது. நிறையப் பேர் இதில் ஏமாந்திருக்கிறார்கள். டிஸ்க் போடும் வசதியுள்ள பிஎஸ்5 படிக்கும், எக்ஸ்பாக்ஸில் ஒன் எஸ், ஒன் எக்ஸ், சீரிஸ் எக்ஸ் படிக்கும். இல்லையென்றால் தனி 4கே பிளேயர் வாங்க வேண்டும், அப்போது ஒரே ஒரு டிஸ்க் என்று வீட்டில் சொன்ன கணக்கு உதைக்கும். ஆக உங்களுக்கு இப்போதைக்கு 2012 புளூ-ரேதான். பிஎஸ்4 அதைத் தாராளமாக ஓட்டும், வார்னரின் பழைய படப் புளூ-ரேக்களில் பெரும்பாலும் ரீஜன் பூட்டும் இருப்பதில்லை. பின்னால் பிளேயர் வந்தால் 4கேயைப் பார்த்துக்கொள்ளலாம், 4கே டிஸ்குக்கு ரீஜன் என்பதே கிடையாது.

கருப்பு வெள்ளையில் எச்டிஆர் எதற்கு என்று கேட்பீர்கள். வண்ணத்துக்காக இல்லை. கருப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் இருக்கும் சாம்பல் படிகள் கூடும், ஜன்னல் கம்பிகளின் நிழல் சுவரில் விழும் இடங்களில் நிழலின் ஓரம் படிப்படியாகக் கரையும். 2012ஐ விட நல்லதுதான், ஆனால் டிவிடியிலிருந்து 2012க்குப் போகும்போது நீங்கள் பார்க்கப்போகும் தூரத்தில் பாதிகூட இராது.

ஈபர்ட் எங்கேயும் போகவில்லை. அவருடையதும் திரைப்பட வரலாற்றாளர் ரூடி பெல்மருடையதும் 2003இலிருந்து எல்லாவற்றிலும் தொடர்ந்து வருகின்றன, 4கே வரை. பெல்மர் ஸ்டூடியோ ஆவணங்களை வைத்துப் பேசுவார், ஈபர்ட் ரசிகராகப் பேசுவார், கதையில் உள்ள ஓட்டைகளைச் சிரித்துக்கொண்டே சுட்டிக்காட்டுவார். நடிகை லாரன் பகால் அறிமுகம் செய்வதும் உண்டு. 2012இல் புதிதாகச் சேர்த்தது இயக்குநர் மைக்கேல் கர்டிஸ் பற்றிய ஒரு நல்ல ஆவணப்படம். இத்தனை படம் எடுத்த மனிதரைப் பற்றி அதற்கு முன்னால் எந்தப் பதிப்பிலும் உருப்படியாக ஒன்றும் இல்லை என்பதே அநியாயம்.

நைட்ரேட் நாகு:

டிஸ்க் வருவதற்குள் டிவியைச் சரிசெய்து வையுங்கள். கடையிலிருந்து வந்த அதே பளபள மோடில் இருந்தால் கருப்பு வெள்ளைப் படம் நீலம் பூத்துத் தெரியும். சினிமா மோடுக்கு மாற்றி, நிற வெப்பத்தை வார்ம் என்று வையுங்கள், முதல் பத்து நிமிஷம் பழுப்பாகத் தோன்றும், அப்புறம் பழகிவிடும். அசைவை வழவழப்பாக்கும் அமைப்பை அணைத்துவிடுங்கள். ஷார்ப்னஸைக் குறையுங்கள், "எறும்பில்" பாதி அங்கிருந்துதான் வருகிறது, சும்மா வந்தேன் சாருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

இரண்டு பக்கமும் கருப்புப் பட்டை வரும். படம் 1.37க்கு 1 அளவு, கிட்டத்தட்ட சதுரம். திரை முழுக்க வேண்டும் என்று ஜூம் செய்தால் தலையும் போய்விடும், சாமின் கையும் போய்விடும்.

டூரிங் டாக்கீஸ்:

முடிவு பண்ணிவிட்டேன், 2012. புதுசு கிடைக்கவில்லை, ஒருவர் பழையதைத் தருகிறேன் என்கிறார், ஆனால் படத்தில் உறை சரியாகத் தெரியவில்லை, எந்த வருஷம் என்றால் "புளூ-ரே சார், நல்லா ஓடும்" என்கிறார். எப்படிக் கண்டுபிடிப்பது?

அரைக் கட்டை:

உறையின் பின்பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஆடியோ என்ற இடத்தில் ஆங்கிலத்துக்கு டால்பி டிஜிட்டல் என்று மட்டும் இருந்தால் 2008. டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ 1.0 என்று இருந்தால் நீங்கள் தேடுவது அதுதான், பணத்தை அனுப்பலாம். முகப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம், எல்லாவற்றிலும் அதே இரண்டு முகம்தான்.